இரவு ஏழரை மணிக்கு ஒரு குறுஞ்செய்தி

மூன்று வருடங்களுக்கு முன்னர் எனது அம்மாவின் வலது கால் பெருவிரலை வெட்டி எடுத்தார்கள். செருப்பின்றி வளவு கூட்டும்போது ஏதோ குத்தியிருக்கிறது. சீனி வருத்தம் பன்னிரண்டு வருடமாக இருந்ததால் காலில் உணர்வு குறைந்திருந்தது, நோகவில்லை. நோகாததால் எவரிடமும் சொல்லவில்லை. அதற்கு முந்திய இரண்டு கிளினிக் திகதிகளுக்கும் அவர் போயிருக்கவில்லை என்பது விரல் போன பிறகு கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன். "ஒனக்கு என்னத்துக்குடா மனே சொல்லி, நீயே பள்ளிக்கூட வேலயோட ஓடித்திரியிறாய்" என்றார்.

அம்மாவின் வீடும் எனது வீடும் இதே தேற்றாத்தீவில்தான் இருக்கின்றன. நடந்தால் பத்து நிமிடம். அந்த மாதத்தில் எனது வகுப்புப் பெற்றோருக்கு நான் அனுப்பிய செய்திகளை எண்ணிப் பார்த்தேன். கூட்டம், தவணைப் பரீட்சை, சீருடை, சிரமதானம் என்று நாற்பதுக்கு மேல் இருந்தன. அம்மாவுக்கு ஒன்றுகூட அனுப்பியிருக்கவில்லை.

இந்தக் கதையை அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்த நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் காத்தான்குடியைச் சேர்ந்தவர். அவருடைய உம்மாவும் நீரிழிவு நோயாளி. ரமழானில் ஒரு தடவை அஸருக்குப் பின்னர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. "மச்சான், இத எங்கட ஆக்கள் வாசிக்கிற இடத்தில எழுது" என்றார் அவர். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. படித்து விளங்கிக்கொண்டதையும் வீட்டில் செய்து பார்த்ததையும் ஓர் ஆசிரியராகச் சொல்கிறேன்.

எண்ணப்படாத கிழக்கு

இலங்கையில் நீரிழிவின் அளவை அறிய 2005-2006 காலத்தில் பெரிய ஆய்வொன்று நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக அது கண்டது. அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில் மட்டுமே நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. அதாவது அந்தக் கணக்கில் காத்தான்குடியும் இல்லை, களுவாஞ்சிக்குடியும் இல்லை, கல்முனையும் இல்லை.

பின்னர் 2018-2019 காலத்தில் நடந்த இலங்கைச் சுகாதார மற்றும் முதுமை ஆய்வு வளர்ந்தோரில் 23 சதவீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இன்னும் 30 சதவீதமானோர் அதன் எல்லையில் நிற்கிறார்கள். நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு சஹனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ ஒருவர் நோயாளி, இன்னொருவர் நோயை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவர்.

இவ்வளவு பேரையும் வைத்தியசாலையால் மட்டும் கவனிக்க முடியாது. கிளினிக்கில் ஒரு நோயாளிக்கு வைத்தியர் ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடங்கள். மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் என்று வைத்தாலும் ஒரு வருடத்தில் இரண்டு மணித்தியாலம்தான். மிகுதி 8,700 சொச்சம் மணித்தியாலமும் நோயாளி வீட்டில் இருக்கிறார். குளிசை போடுவது, நேரத்துக்குச் சாப்பிடுவது, நடப்பது, காலைப் பார்ப்பது, அடுத்த கிளினிக் திகதியை மறவாமலிருப்பது எல்லாம் அந்த நேரத்துக்குள்தான் நடக்க வேண்டும். இவற்றில் எதுவும் கடினமான வேலை அல்ல. கடினம் என்னவென்றால், ஒவ்வொரு நாளும், ஆயுள் முழுக்க, யாரும் கேட்காமலே செய்யவேண்டும் என்பதுதான். அந்த இடத்துக்குத்தான் கையடக்கத் தொலைபேசி வருகிறது.

சென்னையில் பார்த்தது

குறுஞ்செய்தியால் உண்மையில் பயன் உண்டா என்பதைச் சோதித்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நமக்கு அருகிலேயே, சென்னையைத் தளமாகக் கொண்டு நடந்தது. வைத்திய கலாநிதி அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர் அதைச் செய்து 2013இல் வெளியிட்டார்கள். 35 முதல் 55 வயது வரையான, வேலை செய்யும் ஆண்கள் 537 பேரைத் தெரிவு செய்தார்கள். இவர்கள் நீரிழிவு நோயாளிகள் அல்லர், எல்லையில் நின்றவர்கள். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை ஆரம்பத்தில் வழங்கப்பட்டது. அதன்பின் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் வாரத்துக்குச் சில குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள்.

இரண்டு வருடங்களின் பின்னர் பார்த்தபோது, செய்தி கிடைக்காதவர்களில் 27 சதவீதமானோர் நீரிழிவுக்கு ஆளாகியிருந்தார்கள். செய்தி கிடைத்தவர்களில் அது 18 சதவீதம். வேறு விதமாகச் சொன்னால், 11 பேருக்குச் செய்தி அனுப்பினால் அவர்களில் ஒருவரை அந்தக் காலத்துக்குள் நோயாளியாகாமல் காக்கலாம் என்று கணக்கு வந்தது.

இதில் ஒரு விடயம் ஆசிரியரான எனக்குப் பிடித்தது. அவர்கள் எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பவில்லை. நடக்கவே நினைக்காதவருக்கு ஒரு செய்தி, நடக்க எண்ணிக்கொண்டிருப்பவருக்கு வேறொன்று, நடக்கத் தொடங்கி விட்டுவிட்டவருக்கு இன்னொன்று என்று ஆளின் நிலையறிந்து அனுப்பினார்கள். வகுப்பில் மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் முந்திக் கற்கும் பிள்ளைக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்தால் இருவருக்கும் பயனில்லை என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

டாக்காவும் நியூசிலாந்தும்

ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு உதவுமா? பங்களாதேஷின் டாக்காவில் 236 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. ஆறு மாதங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு குறுஞ்செய்தி, அவ்வளவுதான். அவர்கள் அளந்தது எச்.பி.ஏ.1சி எனும் பரிசோதனையை. விரலில் குத்திப் பார்ப்பது அந்த நேரத்துச் சீனியைச் சொல்லும். இதுவோ கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லும். கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. செய்தி கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் இடையே இந்த அளவில் 0.66 புள்ளி வித்தியாசம் வந்தது. பார்க்கச் சிறிய எண்தான். ஆனால் சில நீரிழிவு மாத்திரைகளைப் புதிதாகச் சேர்க்கும்போது கிடைக்கும் குறைவும் இதற்கு அண்மித்ததே.

நியூசிலாந்தில் சீனி கட்டுப்பாட்டில் இல்லாத 366 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அங்கேயும் செய்தி பெற்றவர்களிடம் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. எத்தனை செய்தி வேண்டும், எதைப் பற்றி வேண்டும் என்பதை நோயாளியே தெரிவு செய்யலாம். மாவோரி மக்களுக்கு அவர்களுடைய பண்பாட்டுக்கு ஏற்ப செய்திகள் எழுதப்பட்டன.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சென்னை ஆய்வின் நம்பிக்கையில் இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் சேர்த்து 2,062 பேரிடம் பெரிய ஆய்வொன்று நடத்தி 2020இல் வெளியிட்டார்கள். அதில் செய்தி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, செய்தி அனுப்பினால் நோய் ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மருந்தும் உணவும் நடையும்தான் வேலை செய்கின்றன. செய்தி அவற்றை நினைவூட்டுகிறது. நினைவூட்டலைக் கேட்டு நடக்கிறவருக்கு அது உதவும். வாசித்துவிட்டு வைத்துவிடுகிறவருக்கு உதவாது.

அப்படியானால் கேட்டு நடக்க வைப்பது எது? எனது அனுபவத்தில், அனுப்புகிறவர் யார் என்பதுதான்.

அம்மா அனுப்பும் "1"

விரல் போன பிறகு ஒவ்வொரு நாளும் இரவு ஏழரை மணிக்கு அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பத் தொடங்கினேன். அவரிடம் இருப்பது பொத்தான் போன். தமிழ் எழுத்து அதில் தெரியும். "அம்மா, இரவுக் குளிசை போட்டாச்சா?" இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் "காலைப் பார்த்தீங்களா, புண் ஏதும் இருக்கா?" கிளினிக்குக்கு முதல் நாள் "நாளைக்குக் கிளினிக். கொப்பிய எடுத்து வைங்க."

அம்மாவுக்குப் பதில் எழுதத் தெரியாது. ஆகவே ஓர் ஏற்பாடு செய்தோம். குளிசை போட்டுவிட்டால் "1" என்று அழுத்தி அனுப்பவேண்டும். முதல் வாரம் நான்கு நாள்தான் வந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் வந்தது.

ஒரு நாள் வரவில்லை. எட்டு மணி வரை பார்த்தேன். அழைத்தேன், எடுக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது கந்தசஷ்டி விரதக் காலம். அம்மா பகல் முழுவதும் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். ஆனால் காலைக் குளிசையை வழக்கம்போலப் போட்டிருக்கிறார். சீனியைக் குறைக்கும் குளிசை உள்ளே போயிருக்கிறது, சீனி உள்ளே போகவில்லை. திண்ணையில் வியர்த்து நனைந்து, கை நடுங்க, என்னைப் பார்த்து வேறு யாருடையதோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். பதினைந்து நிமிடத்தில் தெளிந்தார். விழுங்க முடியாத நிலையில் இருந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைத்திருக்க வேண்டும் என்று பின்னர் தாதி ஒருவர் சொல்லித் தந்தார்.

அன்று எனக்கு விளங்கியது இதுதான். நான் அனுப்பும் செய்தியைவிட, வராமல் போகும் பதில் சில வேளைகளில் பெரிய தகவல்.

நோன்பும் நீரிழிவும்

இந்த இடத்தில்தான் எனது நண்பரின் உம்மா நினைவுக்கு வருகிறார். விரதம் வேறு, நோன்பு வேறு. ஆனால் உடம்புக்குள் நடப்பது ஒன்றுதான்.

2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு செய்யப்பட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 79 சதவீதமானோர் ரமழானில் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு நோற்றிருந்தார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பது இதை வாசிக்கும் உங்களுக்கு என்னைவிட நன்கு தெரியும். ஆனாலும் எல்லோரும் நோற்கும் மாதத்தில் தான் மட்டும் விட மனம் வராதுதானே. அதே ஆய்வில், அந்த மாதத்தில் கடுமையான சீனிக் குறைவு ஏற்பட்ட சம்பவங்கள் இரண்டாம் வகை நோயாளிகளிடம் ஏனைய மாதங்களைவிட 7 மடங்குக்கு மேல் கூடியிருந்தன.

செனகல் நாட்டில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். அங்கே 2014இல், உலக சுகாதார நிறுவனம், சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் ஆகியவற்றின் ஆதரவுடன், நீரிழிவு நோயாளிகளுக்கான குறுஞ்செய்தித் திட்டத்தை ரமழானிலேயே ஆரம்பித்தார்கள். "எம்-ரமழான்" என்று அதற்குப் பெயர். நோன்பு காலத்தில் என்ன சாப்பிடலாம், எவ்வளவு நீர் குடிக்கவேண்டும், எப்போது அவதானமாக இருக்கவேண்டும் என்பன செய்தியாகப் போயின. எப்படியும் நோன்பு நோற்கப்போகிறவர்களைக் கண்டித்துக்கொண்டிராமல், பாதுகாப்பாக நோற்க உதவுவோம் என்பது அதன் நோக்கு.

சர்வதேச வைத்திய வழிகாட்டல்களில் உள்ள சில விடயங்களை இங்கே சுருக்கித் தருகிறேன். ரமழானுக்கு ஆறு தொடக்கம் எட்டு வாரங்கள் முன்னரே வைத்தியரைச் சந்திக்க வேண்டும். நோன்பு நோற்கலாமா, குளிசையின் நேரத்தையும் அளவையும் எப்படி மாற்றுவது என்பதை அவர்தான் சொல்லவேண்டும். நோன்பிலிருக்கும்போது இரத்தச் சீனி 70க்குக் கீழே இறங்கினால், அல்லது 300க்கு மேலே ஏறினால், நோன்பை உடனே முடித்துக்கொள்ள வேண்டும். மக்ரிபுக்குப் பத்து நிமிடம்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து; சந்தேகமிருந்தால் உங்கள் ஊர் உலமாவிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள். மயங்கி விழுந்த பிறகு கேட்க நேரமிராது.

நண்பர் இப்போது ரமழானில் தனது உம்மாவுக்கு மூன்று செய்தி அனுப்புகிறார். ஸஹருக்கு: "உம்மா, கடைசி நேரத்தில சாப்பிடுங்க, தண்ணி குடிங்க." அஸருக்கு: "நடுக்கம், வியர்வை இருக்கா?" இப்தாருக்கு முன்னர்: "கஞ்சி குடிங்க, பேரீச்சம்பழம் ஒண்டு போதும், ரோல்ஸ் வேணாம்." உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஒன்பது வயதுப் பேத்திதான் வாசித்துக் காட்டுகிறாள். "சாச்சா ரோல்ஸ் வேணாமாம்" என்று பேத்தி சத்தமாக வாசிக்கும்போது உம்மாவால் மறுக்க முடிவதில்லையாம்.

வீட்டில் எப்படித் தொடங்குவது

இதற்கு எந்த அமைப்பும் வேண்டாம். கட்டாரிலோ ரியாதிலோ இருக்கும் மகனும் செய்யலாம், அடுத்த வீட்டிலிருக்கும் மருமகளும் செய்யலாம். நான் கற்றுக்கொண்டவை சில:

முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். எத்தனை மணிக்கு வேண்டும், எதை நினைவூட்ட வேண்டும் என்று அவரே சொல்லட்டும். தனக்கு நோய் இருப்பது வெளியில் தெரிவதை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். பலர் பாவிக்கும் போன் என்றால் நோயின் பெயரை எழுதவேண்டாம், "சாப்பிட்டீங்களா?" என்பது போதும்.

ஒரு செய்தியில் ஒரு விடயம். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும், தமிழில் 70தான். அதிலும் "கி" என்பதை தொலைபேசி இரண்டாகவும் "க்கு" என்பதை நான்காகவும் எண்ணும். கூடினால் இரண்டு செய்திக்கான காசு போகும். அம்மாவுக்கு நான் அனுப்பும் கேள்வி 70இல் பாதிகூட வராது. இந்தக் கட்டுப்பாடு நல்லதே. சுருக்கமாகக் கேட்டால்தான் பதில் வரும்.

ஏசவேண்டாம். "நேற்றும் நடக்கல்லயே" என்று எழுதினால் அடுத்த நாள் பொய்தான் பதிலாக வரும். "பின்னேரம் வளவுக்குள்ள பத்து நிமிசம் நடப்பமா?" என்று கேளுங்கள்.

பதில் வாங்குங்கள். "1" என்றாலும் போதும். பதில் வராவிட்டால் யார் போய்ப் பார்ப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் ஒருவரைப் பொறுப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

மருந்தின் அளவை ஒருபோதும் செய்தியில் மாற்றாதீர்கள். "சீனி கூடியிருக்கு, இன்னுமொரு குளிசை போடுங்க" என்று எழுதுவது ஆபத்து. அது வைத்தியருடைய வேலை.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் வரும் "மூன்று நாளில் சீனி போகும்" என்ற கஷாயச் செய்திகளை உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ கடத்த வேண்டாம். இதே தொலைபேசி வழியாகத்தான் அந்தப் பொய்களும் போகின்றன. அவற்றை நம்பி இன்சுலினை நிறுத்தியவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், உங்கள் ஊரிலும் இருப்பார்கள்.

ஓர் ஆசிரியராக இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். பாடசாலையும் பள்ளிவாசலும் மரண அறிவித்தல் முதல் கூட்ட அறிவித்தல் வரை எல்லாவற்றுக்கும் தொலைபேசிக் குழு வைத்திருக்கின்றன. விரும்பிப் பெயர் தருகிற நோயாளிகளுக்கு, பிரதேசத்து வைத்தியர் ஒருவர் சரிபார்த்த செய்தியை வாரத்தில் இரண்டு நாள் அனுப்புவது அவற்றுக்குப் பெரிய வேலையல்ல. ரமழானுக்கு இரண்டு மாதம் முன்னர் "சீனி உள்ளவர்கள் இந்த வாரம் வைத்தியரைக் காணுங்கள்" என்று ஒரேயொரு செய்தி அனுப்பினாலும் நண்பரின் உம்மாவைப் போன்ற சிலர் விழாமல் இருப்பார்கள்.

அம்மாவின் இரவு "1" இப்போதும் வருகிறது. சென்ற வருடம் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது எனது சீனியையும் பார்த்தேன். வெறும் வயிற்றில் 118. நோய் இல்லை, ஆனால் எல்லையில் நிற்கிறேன். சென்னை ஆய்வில் சேர்க்கப்பட்ட ஆண்களின் வயதுதான் எனக்கும். அன்றிலிருந்து பின்னேரம் ஐந்தரைக்கு எனது மகள் எனக்கு ஒரு செய்தி அனுப்புகிறாள்: "அப்பா, நடக்கப் போகல்லயா?" பெரும்பாலான நாட்களில் "1" என்று அனுப்பிவிட்டுத்தான் செருப்பைப் போடுகிறேன்.